போங்க என்றால் போகிற மெஷின்

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை என்பது, மெஷின் செய்த தப்புக்கும் மனுஷன் செய்த தப்புக்கும் சேர்த்து ஒரே ஆள் திட்டு வாங்குகிற வேலை. நான் வாங்கியிருக்கிறேன். நீங்களும் எங்காவது ஒரு ஆபீஸில் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தவர் என்றால் வாங்கியிருப்பீர்கள். ஆகவே உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

எண்பதுகளின் கடைசி. ஓரிக்கையிலிருந்து தினமும் பஸ் பிடித்து உத்திரமேரூர் போவேன். எங்கள் வீட்டில் எல்லாரும் தறியில் உட்கார்ந்தவர்கள். நான் மட்டும் டைப்பிங்கும், காஞ்சிபுரத்தில் ஆறு மாசக் கம்ப்யூட்டர் படிப்பும் முடித்து, ஒரு சர்க்கரை ஆலையின் கரும்பு ஆபீஸில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எந்த விவசாயி எப்போது கரும்பு நட்டார் என்பதை மெஷினில் ஏற்றுவது, நட்ட தேதி வரிசைப்படி வெட்டு உத்தரவுச் சீட்டு அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. சீட்டு வந்தால்தான் கரும்பை வெட்டலாம். வெட்டிய கரும்பை ஆலை எடுத்துக்கொள்ளவும் அந்தச் சீட்டுதான் வேண்டும்.

மெஷினுக்குள் ஊருக்கு ஒரு அறை. சாலவாக்கத்துப் பதிவைப் பார்க்க வேண்டும் என்றால் வெளி வாசல், கூடம், தாழ்வாரம் என்று நாலு கதவின் பெயரையும் ஒரே வரியில், நடுவில் சாய்கோடு போட்டு, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் அடித்தால்தான் உள்ளே விடும். அங்கிருந்து இன்னொரு ஊருக்குப் போக மறுபடியும் நாலு கதவு. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இதைச் செய்து விரல் நுனி மரத்துப் போய், மெஷினோடு வந்த தடிப் புத்தகத்தைப் படித்துப் படித்து, ஒரு சின்னக் கட்டளைக் கோப்பு எழுதினேன். ஊர்களின் முழு வழியையும் அதிலே சேமித்து வைத்துவிட்டேன். அதற்கு PO என்று பெயர் வைத்தேன். 'போ' என்று படிக்க வேண்டும். PO SAL என்று அடித்தால் அடுத்த நொடி சாலவாக்கம். PO AYY என்றால் ஐயங்கார்குளம். எழுதி முடித்த அன்று எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் எத்தனை நாள் நீடித்தது என்று கேளுங்கள்.

எட்டெழுத்து

அந்தக் கால மெஷினில் எந்தப் பெயரும் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. நம் ஊர்ப் பெயர்கள் எதுவும் எட்டில் அடங்காது. ஐயங்கார்குளத்தை இங்கிலீஷில் எழுதி எட்டாவது எழுத்தில் வெட்டினால் மிச்சம் நிற்பது AYYANGAR. மெஷினை விற்றவர்கள் எழுதிக் கொடுத்த புரோகிராமோ, அறையின் பெயரையே ஊர்ப் பெயராக எடுத்துச் சீட்டில் அச்சடித்துவிடும். இது சரியாக வராது என்று அவர்களிடம் முதல் நாளே சொன்னேன். "அதெல்லாம் புரிஞ்சுப்பாங்க மேடம்" என்றார்கள்.

யாரும் புரிந்துகொள்ளவில்லை. ஐயங்கார்குளம் முனுசாமி டயர் வண்டியில் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனார். எடைமேடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு ஊரே பட்டியலில் இல்லை என்று வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார். ஒரு பகல் முழுக்க மாடும் மனுஷனும் வெயிலில். மறுநாள் முனுசாமி என் மேசைக்கு வந்து சீட்டை விரித்து வைத்தார். நான் புரோகிராம், எட்டெழுத்து என்று என்னென்னவோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அன்று முதல் அந்த ஊர்ச் சீட்டு ஒவ்வொன்றிலும் 'குளம்' என்று பேனாவால் நானே எழுதினேன். அந்த சீசனில் நான் வெட்டிய குளங்களுக்குக் கணக்கே கிடையாது. முனுசாமி போகும்போது சொன்னது: "ஆலையில நிக்க வெச்சது கூடப் பரவால்லம்மா. டீக்கடையில அல்லாருக்கும் சீட்ட படிச்சிக் காட்டிட்டானுங்க. அய்யங்கார் முனுசாமின்றானுங்க. எம் பொண்டாட்டி கருவாட்டுக் கொழம்பு ஊத்த மாட்டேன்றா. இதுக்கு இன்னா சொல்ற?"

மரியாதை

எங்கள் கரும்பு அலுவலர் தண்டபாணி சார் சேலம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெஷினுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. ஒருநாள் அவர் நிற்பது தெரியாமல் நான் PO என்று அடித்து, ஊர்ப் பெயர் நினைவுக்கு வராமல் அப்படியே யோசித்துக்கொண்டிருந்தேன். பச்சை எழுத்தில் 'போ' என்று மின்னிக்கொண்டு நின்றது.

"யாரைப் போங்கறே?" என்றார்.

"மெஷினைத்தான் சார்."

"நான் நிக்கறப்ப எதுக்கு அப்படி எழுதறே?"

அது கட்டளை, அதன் பெயரே அதுதான் என்று நான் விளக்க விளக்க அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது. கடைசியில் தலைமை எழுத்தர் ஏகாம்பரம் சார் எழுந்து வந்து பஞ்சாயத்து பண்ணினார். பஞ்சாயத்தின் தீர்ப்பு, பெயரை PONGA என்று மாற்ற வேண்டும். விரல் தேய்கிறதே என்று இரண்டு எழுத்தில் ஒரு பெயர் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் மூன்று எழுத்து அதிகம் அடிக்கும்படி ஆயிற்று. மெஷினுக்கு மரியாதை தெரியுமா சார் என்று கேட்டேன். ஏகாம்பரம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மெஷினா இருந்தா இன்னாம்மா, கவுர்மெண்ட் ரிஜிஸ்டர் மாதிரி ஆபீஸ்ல கீற மெஷின். ஒரு மட்டு மரியாத வேணாம்?"

ஜப்பான்

இது கொஞ்சம் பின்னால் நடந்தது. ஆத்திரம் அடங்காததால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

மெஷினைத் துடைத்துப் பார்த்துவிட்டுப் போக மெட்ராஸிலிருந்து டை கட்டிய ஒரு இன்ஜினியர் மூன்று மாசத்துக்கு ஒருமுறை வருவார். என் PONGA-வை ஒருநாள் பார்த்தார். "நல்லா இருக்கே" என்று ஒரு ஃப்ளாப்பியில் நகல் எடுத்துக்கொண்டார். நம் வேலையை மெட்ராஸ்காரர் ஒருவர் மெச்சினாரே என்று நான் பூரித்துப் போய், அவருக்கு ஆபீஸ் பையனை விட்டு அல்ல, நானே போய் டீ வாங்கி வந்தேன். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

ஒரு வருஷம் கழித்துத் தலைமை ஆபீஸில் எல்லா ஆபரேட்டர்களுக்கும் பயிற்சி வகுப்பு. அதே இன்ஜினியர். "எங்கள் கம்பெனி உங்கள் வசதிக்காக உருவாக்கியிருக்கும் புதிய கருவி" என்று திரையில் எதையோ காட்டினார். பார்த்தால் என் கோப்பு. நான் போட்டிருந்த வரிசை, நான் விட்டிருந்த எழுத்துப்பிழை உட்பட. அதை எனக்கே சொல்லிக்கொடுத்தார். என் பக்கத்தில் திண்டிவனம் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "சார், இதுக்கு ஏன் இப்படி ஒரு பேரு?" என்று அவள் எழுந்து கேட்டாள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணைக்கூட இமைக்காமல் சொன்னார்: "பாங்கா. அது ஜப்பான் வார்த்தை மேடம். வேகம்னு அர்த்தம்."

சீக்கிரம் ஆகாது

ஏகாம்பரம் சாருக்கு ஒரு முறை உண்டு. விவசாயி வந்து "எனக்கு வெட்டு எப்ப வரும்?" என்று கேட்டால், ஒரு மனு எழுதச் சொல்வார். வாங்கி வைத்துக்கொண்டு "சாயங்காலம் வா" என்பார். சாயங்காலம் வந்தால் "நாளைக்கு". இப்படி மூன்று நாள் நடந்தவனுக்குப் பதில் கிடைக்கும்போது அவன் கும்பிட்டு வாங்கிக்கொள்வான்.

ஒருநாள் களியாம்பூண்டிக்காரர் ஒருவர் வழி தவறி நேரே என் மேசைக்கு வந்து கேட்டுவிட்டார். நான் இரண்டு வார்த்தை தட்டி, "இருபத்தி மூணாவதா இருக்கீங்க, அடுத்த வாரம் வரும்" என்றேன். அவர் துண்டை உதறி நாற்காலியில் போடுவதற்குள் பதில் சொல்லியாயிற்று. அவர் நம்பாமல் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அவ்வளவுதான், ஏகாம்பரம் சார் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் எந்த மனுவும் தன் கையெழுத்து இல்லாமல் என் மேசைக்கு வரக் கூடாது என்று உத்தரவு போட்டார். நான் விடவில்லை. ஒரு நொடியில் சொல்லக்கூடியதை ஏன் சார் மூன்று நாள் இழுக்க வேண்டும், அவர்களுக்குப் பஸ் இல்லையா, வேலை இல்லையா என்று குரலை உயர்த்தியே கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. என்னைப் பார்த்து உண்மையாகவே பரிதாபப்பட்டார்: "பைத்தியக்காரப் பொண்ணே, இவ்ளோ சீக்கிரம் சொன்னீனா, இந்த ஆபீஸ்ல வேலையே இல்லன்னு ஊர்ல பேசிக்குவாங்க."

ஒய்

தண்டபாணி சாருக்கு மெஷின் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. நல்ல விஷயம் என்று, அவர் இஷ்டத்துக்கு எழுதி அழித்துப் பழக PAZHAGU என்று தனியாக ஒரு அறை திறந்து, அதில் போலிப் பெயர்களாகப் போட்டு வைத்தேன். PONGA PAZHAGU என்று அடித்தால் போதும், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் சார் என்று காகிதத்தில் எழுதியும் கொடுத்தேன்.

ஒரு வியாழக்கிழமை நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கட்டளையைச் சின்ன எழுத்தில் அடித்திருக்கிறார். என் கோப்புக்குப் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும். சின்ன எழுத்தில் ஊர்ப் பெயர் வந்தால் எதுவும் சொல்லாமல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அந்த மெஷினோ நாம் எந்த அறையில் இருக்கிறோம் என்று திரையில் காட்டாது. எந்த அறையானாலும் ஒரே 'C' எழுத்துதான். நான் எழுந்து போகும்போது அது இருந்தது சாலவாக்கத்தில். சார் பழகும் அறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழி என்று சொல்லியிருக்கிறார். மெஷின் பாவம், நிச்சயமாகவா என்று ஒரு வரி கேட்டது. ஆம் என்றால் Y, இல்லை என்றால் N.

சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது சாலவாக்கம் இல்லை. நூற்றுச் சொச்சம் குடும்பங்களின் பெயர், நட்ட தேதி, சர்வே எண், ஒன்றும் இல்லை. நகல் எடுத்து வைக்க ஃப்ளாப்பி வேண்டும் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். இருக்கிற பத்தையே அழித்து அழித்து எழுதலாமே என்று திருப்பி எழுதியிருந்தார்கள். "ஏன் சார், அது கேட்டுச்சே, ஏன் சார் Y அடிச்சீங்க?" என்று கிட்டத்தட்டக் கத்தினேன். அவர் வியர்த்துப் போய்ச் சொன்னார்: "ஆர் யூ ஷ்யூர்னு கேட்டுது. எதுக்குடா இதைக் கேக்குதுன்னு நான் ஒய்னு திருப்பிக் கேட்டேன்."

கொல்லில கீது

அழிந்ததை மறுபடி ஏற்ற நான்கு நாள் ஆயிற்று, ஞாயிறும் சேர்த்து. ஃபீல்டு ஆட்கள் கையால் எழுதிய பதிவேடுகளை வாங்கி, மழையில் நனைந்த பக்கங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்து அடித்தேன். சனிக்கிழமை காலையில் சாலவாக்கத்திலிருந்து கன்னியம்மா வந்தார். புருஷன் இல்லை. ஒண்ணரை ஏக்கர் கரும்பு, பன்னிரண்டு மாசம் தாண்டிவிட்டது. பூ எடுத்துவிட்டது என்றும், இனிமேல் ஒவ்வொரு நாளும் உள்ளே சக்கையாகிக்கொண்டிருக்கும் என்றும் சொன்னார். அவர் பெயர் இருந்த பக்கத்துக்கு நான் இன்னும் வரவில்லை.

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தண்டபாணி சார் என்ன சொன்னார் தெரியுமா? "கம்ப்யூட்டர்ல உங்க பேரு இல்லம்மா. நீங்க பதிவு பண்ணவே இல்ல போலிருக்கு." அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து மடித்து நாலாகக் கிழியப் போகிற பதிவு ரசீதை எடுத்து மேசையில் வைத்தார். சார் அதைத் தொடாமல், மெஷினில் இருந்தால்தான் சீட்டு வரும் என்றார். நான் எழுந்தேன். ஒரு வெள்ளைத்தாளில் வெட்டு உத்தரவைக் கையாலேயே எழுதினேன். ரசீது எண், தேதி எல்லாம் போட்டு அவர் முன்னால் வைத்து, "கையெழுத்துப் போடுங்க சார். போடலேன்னா அழிச்சது யாருன்னு இந்தம்மாகிட்ட நான் சொல்லவேண்டி வரும்" என்றேன். அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை நான். அன்று பேசினேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு போட்டார்.

கன்னியம்மாவின் கரும்பு ஒரு வாரம் தாமதமாகத்தான் ஆலைக்குப் போயிற்று. எடை குறைந்திருக்கும், எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. ஆனால் அன்று கையெழுத்து ஆவதற்கு முன்னால் அந்த அம்மா குரலை உயர்த்தாமல் தண்டபாணி சாரைப் பார்த்துச் சொன்னதைத்தான் இன்றும் எங்காவது ஆபீஸில் நிற்கும்போது நினைத்துக்கொள்கிறேன்: "உம் பொட்டிக்குள்ள நான் இல்லன்னா இன்னா சாரு? கரும்பு கொல்லில நிக்குது. பஸ் ஏறி வந்து பாரு, கீதா இல்லியான்னு."

மெமோ

அதே வாரம் நான் இரண்டு காரியம் செய்தேன். எந்த அறையில் நிற்கிறோம் என்று எப்போதும் திரையில் தெரியும்படி செய்தேன். சின்ன எழுத்து, பெரிய எழுத்து இரண்டுக்கும் கோப்பு கட்டுப்படும்படி எல்லா ஊரையும் இரண்டு இரண்டு தடவை எழுதினேன். இதற்கு ஒரு பாராட்டு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மெமோ வரும் என்றும் எதிர்பார்க்கவில்லை. தண்டபாணி சார் கையெழுத்தில் வந்தது: 'கணிப்பொறியைச் சாலவாக்கத்தில் விட்டுவிட்டுத் தாங்கள் உணவருந்தச் சென்றமைக்கு மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும். நகல் தலைமை அலுவலகத்துக்கு.'

அழித்தது அவர், விளக்கம் நான். இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். அறை, வழி, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எல்லாம் படம் போட்டு எழுதினேன். யார் விரல் எந்த எழுத்தை அழுத்தியது என்பதையும் எழுதினேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. படித்திருந்தால் அடுத்த கடிதம் வந்திருக்காது. ஒரு மாசம் கழித்துத் தலைமை ஆபீஸிலிருந்து சிவப்புக் கோடு போட்ட உறை. ஏகாம்பரம் சார் பிரித்துப் படித்தார். மறுபடி படித்தார். விலை உயர்ந்த கணிப்பொறியை அனுமதி இல்லாமல் சாலவாக்கம் கிராமத்துக்கு எடுத்துச் சென்றது யார், எடுத்துச் சென்று அங்கேயே விட்டுவிட்டு வந்தது ஏன், அது பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டதா, இதற்கெல்லாம் உடனே பதில் வேண்டுமாம்.

மெஷின் இந்த மேசையை விட்டு ஒரு அங்குலம்கூட நகரவில்லை என்று எழுதுங்கள் சார் என்று மன்றாடினேன். அவர் தலையை ஆட்டினார். அப்படி எழுதினால் அலுவலர் மெமோவில் பொய் எழுதியதாக ஆகிவிடுமாம். அது இன்னும் பெரிய வம்பாம். பேனாவைத் திறந்து, தாளை நேராக்கி, என்னை நிமிர்ந்து பார்த்து ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "எந்த வண்டில எடுத்துக்கினு போனீங்கன்னு ஃபாரத்துல ஒரு கட்டம் காலியா கீதும்மா. ஜீப்புன்னு போட்டுடட்டா?"

ஒன்றுமே தெரியாத மெஷினோடு குடித்தனம் நடத்துவது சுலபம். எல்லாம் தெரிந்த ஆபீஸோடு நடத்துவதுதான் பெரும்பாடு.